கடைசி இலக்கத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி

சென்ற மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் சாய்ந்திருந்தபோது நிவேதா கூப்பிட்டாள். பாலக்காட்டில் நான் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில், என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"சார், தூங்கிட்டு இருந்தீங்களா? ஒரு சந்தேகமுங்க. பழைய புரோகிராம் எல்லாத்தையும் புதுசா மாத்தி எழுதறோமுங்க. ஏஐ ஒவ்வொரு வரியாப் படிச்சுச் சொல்லிட்டு வருது. தகுதியை ஒப்பிடற எடத்துல வந்து நின்னுக்கிச்சு. அங்க 'அருள்மேரி'ன்னு ஒரு மாறிலி இருக்குதுங்க. மதிப்பு ஒன்பது. இந்தப் பேருக்கு அர்த்தமில்லை, எடுத்துடலாம்னு சொல்லுது. எடுத்துடட்டுங்களா?"

"நாளைக்குச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் மூடுபனியும், ஏலக்காய் வாசனையும், ஒரு தராசும்தான் வந்தன. நாளைக்குச் சொல்வதாகச் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். பெயர் பழனிச்சாமி. கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்தேன், சில இடங்களில் கணினி பழுது பார்த்தேன், புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன், கல்யாணம் ஆயிற்று, தலை நரைத்தது. இத்தனை வருஷங்களை ஒரு வரியில் அடைத்துவிடலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. வேலை நேரத்தில் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துச் சொப்பனம் காண்கிறவன் என்று அலுவலகத்தில் எனக்கொரு பெயர் உண்டு. அவதூறு இல்லை, உண்மைதான். கணவாய்க் காற்று அந்த ஜன்னலில் அடித்தால் யாருக்குத்தான் கண் சொக்காது?

எங்களுடையது எட்டுப் பேர் கொண்ட சின்ன அலுவலகம். நாங்கள் செய்த மென்பொருளை மரபணு நிரலாக்கம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவது போன்ற வேலைதான் அது. கணினி முதலில் வாய்க்கு வந்தபடி ஐந்நூறு சூத்திரங்களை எழுதும். ஒவ்வொன்றும் பழைய பதிவுகளில் எவ்வளவு தவறு செய்கிறது என்று பார்த்து, தவறுகளையெல்லாம் கூட்டி ஓர் எண் போடும். அந்த எண்ணுக்குத் தகுதி என்று பெயர். எண் குறையக் குறையச் சூத்திரம் நல்லது. நல்ல சூத்திரம் ஒன்றின் கிளையை வெட்டி, இன்னொரு நல்ல சூத்திரத்தில் ஒட்டும். மறுபடி எண் போடும். இப்படியே தலைமுறை தலைமுறையாக நடந்து, கடைசியில் யாரும் உட்கார்ந்து எழுதாத ஒரு சூத்திரம் வந்து நிற்கும். திரையில் அவை கிளை விட்டு வளர்வதைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறேன்.

இந்தச் சூத்திரங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்கும் உதவாத கிளைகளைச் சுமந்துகொண்டு நீளமாகிக்கொண்டே போகும். அதற்காக நான் ஒரு விதி எழுதினேன்: இரண்டு சூத்திரங்களின் தகுதி சமமாக இருந்தால், சிறியதை எடு. ஒரே வரிதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் மேலாளர் வைதேகி மேடம். கல்பாத்திக்காரர், என்னைவிடப் பதினோரு வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எழுதிக் கொண்டுபோன தாளைப் படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்த வார்த்தையின் மேல் வைப்பார். கண்ணாடி விழுந்த இடத்தில் நம் தலை விழுந்தது என்று அர்த்தம்.

"சமம்னு எழுதியிருக்கேள் பழனிச்சாமி சார். எத்தனை கிட்டத்துலன்னு எழுதலையே?"

"சமம்னா சமந்தானுங்களே மேடம்."

"அப்படியா? சரி, பார்ப்போம்" என்பார். அந்த 'பார்ப்போம்' எனக்கு எரிச்சலாக இருக்கும். கணினிக்குள் பத்தில் ஒன்று என்ற எண்ணே முழுசாக அடங்காது, கடைசியில் ஒரு வால் மிஞ்சும் என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இடுக்கி மலையில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய்ச் சிறு விவசாயிகளின் சங்கம் ஒன்று எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். உறுப்பினர்கள் காயைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பார்கள். ஸ்டோரில் சூடு காட்டி உலர்த்த வேண்டும். முதலில் காயிலிருந்து கிளம்பும் ஈரக் காற்றை மேல் ஜன்னல் வழியாக வெளியேற்ற வேண்டும். ஜன்னலை அதிக நேரம் திறந்தால் சூடு போய்விடும். திறக்காமல் விட்டால் காய் தன் ஈரத்திலேயே வெந்து, பச்சை நிறம் செத்துவிடும். நிறம் போன ஏலக்காயை ஏலத்தில் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம் ஜன்னலைத் திறப்பது என்று தினமும் காலையில் சொல்வதுதான் எங்கள் சூத்திரத்தின் வேலை. வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிவுகளையும் சேர்த்துக்கொண்டு, அது தன் சூத்திரத்தைத் திரும்பத் தேர்ந்தெடுக்கும்.

ஸ்டோருக்குப் பொறுப்பு அருள்மேரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தச் சங்கத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். வாசல் சுவரில் 'ஸ்டோர் பொறுப்பு: அ. அருள்மேரி' என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தது. மென்பொருளைப் பொருத்தப் போனபோது அதைப் பார்த்தேன். "இயந்திரம் சொல்லுறதுக்கு மாறா நீ ஒண்ணும் செய்யக் கூடாது" என்று சங்கச் செயலாளர் ஜெயராஜ் என் முன்னால்தான் அவரிடம் சொன்னார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

இரண்டு பருவம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது பருவத்தில் ஒருநாள் பனி ஸ்டோருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு மேல் ஜன்னல் திறக்கப்படவில்லை. பதினோரு குடும்பங்களின் காய் மங்கிப் பழுப்பாயிற்று. "திரையில பூச்சியம்னு இருந்துச்சு" என்றார் அருள்மேரி. மறு வாரத்துக்கான தேர்வு அதற்குள் முடிந்து பழைய சூத்திரம் அழிந்துவிட்டதால், அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. செயலாளர் பதிவுகளை எங்களுக்கு அனுப்பி, சரிபார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

அந்த வாரத் தேர்வை நான் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான்கு மணி நேரம் என்று வந்தது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் நான்குதான். 'அன்றைக்குரிய விடை நான்கு. பூச்சியம் வர வாய்ப்பில்லை' என்று கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். மேடத்தின் கண்ணாடி 'வாய்ப்பில்லை' மேல் விழுந்தது.

"வாய்ப்பே இல்லையா, உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லையா?"

"வாய்ப்பே இல்லைங்க மேடம்."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்தால் அருள்மேரி பொய்க்காரி ஆனார். வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சுவரில் அவர் பெயரின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அவருக்குப் பதிலாக வருகிறவருக்குப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் ஏறி, மூணாறு தாண்டிப் போனேன். பஸ் ஜன்னலில் தேயிலைச் சரிவுகள் வந்து வந்து பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாது. சூத்திரங்கள் கிளை விட்டு மலைச்சரிவெல்லாம் வளர்வதாக ஒரு காட்சி; அவற்றில் ஒன்று மட்டும் நான் கிட்டப் போகும்போதெல்லாம் பனிக்குள் மறைந்துகொண்டது.

ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது எடை போடும் இடத்தில் சண்டை. புது மின்தராசு. அதன் கடைசி இலக்கம் காற்றுக்கு நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு. தராசுக்கு வந்தவர் நான்கில் நிற்கும்போது எழுதச் சொல்கிறார். பின்னால் நிற்பவர் இரண்டுதான் என்கிறார்.

"முன்னால இந்தச் சண்டையே கெடையாது சார்" என்றார் ஜெயராஜ், தலையைச் சொறிந்துகொண்டு. "அருள்மேரி கடைசி நம்பர் மேல ஒரு பிளாஸ்திரிய ஒட்டி வச்சிருந்தா. மெஷின்ல கைய வைக்கிறவள்னு அதையும் அவ மேல குத்தமா எழுதி, நாந்தான் உரிச்சுப் போட்டேன்."

சண்டை ஓயும்வரை வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் யாரும் முண்டவில்லை. கேட்டால், அங்கே ஒரு வழக்கம்: நேற்றுக் கடைசியில் நின்றவர் இன்றைக்கு முதலில். முதலில் போகும் காய்க்கு உலர்த்த நல்ல தட்டு கிடைக்கும் என்பதால் எல்லாருக்கும் முறை வரவேண்டும் என்று அருள்மேரி கொண்டுவந்த ஏற்பாடாம். பதிவேட்டிலும் அதே வரிசையில்தான் பெயர்கள். ஒவ்வொரு நாளும் வரிசை சுழன்றுகொண்டிருந்தது.

அந்த ஏட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலக்காட்டில் எனக்கொரு சுத்தக்காரப் பழக்கம் உண்டு. எந்தப் பதிவு வந்தாலும் முதல் வேலையாகப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிடுவேன். அதன்பிறகுதான் ஓட்டுவேன். கணினியில் எண்களைக் கூட்டும்போது, எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கடைசி வால் மாறும்.

ஸ்டோரின் கணினியில் உட்கார்ந்தேன். பனி வந்த வாரத்துக்கான பதிவுகளை எடுத்து, அடுக்காமல், ஏட்டில் இருந்த வரிசையிலேயே ஓட்டினேன். அன்றைய ஈரப்பதத்தைக் கொடுத்தேன்.

பூச்சியம்.

அகரவரிசையில் அடுக்கி ஓட்டினேன். நான்கு. மறுபடி ஏட்டு வரிசைக்கே மாற்றி ஓட்டினேன். பூச்சியம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தேர்வின் கடைசிக் கட்டத்தில் இரண்டு சூத்திரங்கள் நின்றன. ஒன்று சின்னது. மற்றது அதே சூத்திரம்தான், ஆனால் ஒரு வேண்டாத கிளையைச் சுமந்துகொண்டிருந்தது. பதிவான நாட்கள் எதிலும் அந்தக் கிளைக்கு வேலையில்லை, விடைகளின் கடைசி வாலை மட்டும் இம்மியளவு அசைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஈரப்பதம் உச்சிக்குப் போனால் மட்டும் விழித்துக்கொண்டு, ஜன்னலைத் திறக்காதே என்று சொல்லும். இரண்டுக்கும் தகுதி சமம். சமமென்றால் சின்னது ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் ஏட்டின் வரிசையில் கூட்டியபோது, பதினைந்தாவது இலக்கத்துக்கு அப்பால் பெரியதன் எண் ஒரு துளி குறைந்திருந்தது. என் வரி அதைப் பார்த்து, இவை சமமில்லை, பெரியதே உயர்ந்தது என்று தீர்ப்பெழுதிவிட்டது. தராசுச் சண்டையில் இருந்தவர்களாவது கண்ணுக்குத் தெரிந்த ஓர் இலக்கத்துக்குச் சண்டை போட்டார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நொந்தார்கள். எய்தவன் நான். எழுந்து வெளியே போய்ப் பனியில் நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எங்கள் மென்பொருளை இன்னும் நாலைந்து சங்கங்கள் வாங்கப் பேசிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் வரியைத் திருத்திவிட்டுப் போனால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அருள்மேரியின் வீடு மேட்டில், சின்னத் தேவாலயத்துக்குப் பின்னால். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிற்று. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அந்த லெட்டர் எழுதுன சார்தானே நீங்க? சபை நடுவுல வாசிச்சாங்க. எம் மகளும் அங்கதான் நின்னா. அம்மா, நெசமாவே பூச்சியம்தான் இருந்துச்சான்னு வீட்டுல வந்து கேக்கா. பெத்த பிள்ளை கேக்குதா சார்."

மன்னிப்புக் கேட்க வந்ததை விட்டுவிட்டு, பிளாஸ்திரியைப் பற்றிக் கேட்டேன். ஏன் ஒட்டினீர்கள்?

"கடைசி நம்பரு சும்மா ஆடிக்கிட்டுத்தான் கெடக்கும். அது எடை இல்ல சார், காத்து. காத்த வச்சு ரெண்டு மனுசன்ல எவன் பெரியவன்னு சொல்ல முடியுமா? மறைச்சிட்டா ரெண்டு பேரும் சமம். சமம்னா சண்டை ஏது?"

அவர் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பனி வந்தது, போயிற்று. இத்தனை வருஷம் நான் படித்ததை அவர் ஒரு துண்டுப் பிளாஸ்திரியில் முடித்துவிட்டிருந்தார். கிளம்பும்போது, "பூச்சியம்தாங்க இருந்தது. இன்னிக்கு நானே பாத்தேனுங்க" என்றேன். அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது.

ஸ்டோருக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினேன். தகுதியைக் கூட்டுவதற்கு முன் பதிவுகள் எப்போதும் ஒரே வரிசையில் அடுக்கப்பட வேண்டும். கூட்டிய பிறகு முதல் ஒன்பது இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மறைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். அந்த ஒன்பதுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. யோசிக்காமலே 'அருள்மேரி' என்று தட்டினேன்.

பிறகு மேடத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டேன். 'மென்பொருளில் சிறு திருத்தம் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தேன். கண்ணாடி மேஜையில் வைக்கப்படும் ஓசை எனக்குக் கேட்டது போலிருந்தது.

"ஒன்பதாவது இலக்கத்தோட ஓரத்துலயே ரெண்டு எண் நின்னா என்ன பண்ணுவேள்?"

"அப்பவும் பிரியும்தானுங்க மேடம். ஆனா அபூர்வமுங்க. வரிசையைக் கட்டிப்போட்டதால, ரெண்டு கணினியில ரெண்டு விடை வராதுங்க."

"சரி. சிறு திருத்தம்னா எத்தனை சிறிசு?"

கையிலிருந்த தாளில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன்.

"அந்தம்மாவுக்கு அது எத்தனை பெரிசுன்னு பார்த்துட்டு எழுதுங்கோ. நாளைக்குச் சங்கத்துல நீங்களே வாசிக்கணும். கம்பெனிக்கு என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன்."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த தாளில் பூசி மெழுகாமல் எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் சங்கக் கூடத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். அருள்மேரி கடைசி வரிசையில் மகளோடு நின்றார். நான் வாசித்தேன்: 'திரையில் பூச்சியம்தான் இருந்தது. அருள்மேரி சொன்னது உண்மை. தவறு என்னுடையது. என் கடிதம் பொய்.' அந்தப் பதினோரு குடும்பங்களின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். யாரோ ஒருவர் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்றிருந்தது, உண்மையில் அது ஆறுதலாகவே இருந்தது. நாலைந்து சங்கங்களில் இரண்டு எங்களை விட்டு விலகின. அதை மேடம் என்னிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

ஜெயராஜ் எழுந்தார். நல்ல மனுஷர்தான், முகம் தொங்கிவிட்டது. "நாளையிலேருந்து நீயே வந்து ஸ்டோரப் பாத்துக்க அருள்மேரி. பேரையும் எழுதச் சொல்லுதேன்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அருள்மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பேரு கெடக்கட்டும். அந்தப் பிளாஸ்திரிய உரிச்சது நீங்கதானே அண்ணாச்சி? நீங்களே போய் ஒட்டுங்க. நாளைக்கு வாரேன்."

ஜெயராஜ் போனார். சின்னப் பிளாஸ்திரித் துண்டு ஒன்றை வாங்கி, தராசு முன்னால் குனிந்து, அறுபது பேர் பார்த்திருக்க ஒட்டினார். ஆடிக்கொண்டிருந்த இலக்கம் மறைந்தது. அருள்மேரியின் மகள் ஓடிப்போய் அது சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள்.

சுவரில் பெயரைத் திரும்ப எழுதினார்கள். அடுத்த முறை போனபோது பார்த்தேன். சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பழைய எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது. மென்பொருளுக்குள் அவர் பெயர் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கூச்சமாக இருந்தது.

நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் ஏஐ சொல்வதில் தப்பில்லை. வெளியாள் யாருக்கும் அந்தப் பெயரில் அர்த்தம் தெரியாது. ஒன்பதை எட்டாக்கு, பத்தாக்கு, வேறு நல்ல முறை இருந்தால் அந்த வரியையே மாற்று. அதெல்லாம் உன் இஷ்டம். ஆனால் நான் எழுதிய ஒரு வரியால் அந்தப் பெயரை ஒருமுறை சுவரிலிருந்து அழித்தார்கள். இன்னொரு முறை அழிக்கச் சொல்லி என்னிடம் கேட்காதே, கண்ணு.